நாடாளுமன்றத்துக்குத் தனி நெறிமுறை ஆணையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் தகவல் உரிமைச் சட்டம் பற்றி வகுப்பு எடுக்கிறேன். மனு எழுதக் கற்றுக்கொள்ள வருபவர்கள், பேச்சு சூடு பிடித்ததும், "அதிகாரியைக் கேட்கலாம், சரி. எம்.பி.யை யார் கேட்பது?" என்ற இடத்துக்கு வந்துவிடுவார்கள். 2023 டிசம்பரில் மக்களவை உறுப்பினர் ஒருவர் அவையிலிருந்து நீக்கப்பட்ட பிறகு, இந்தப் பேச்சு வராத வகுப்பே இல்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

என் நிலைப்பாட்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எம்.பி.க்களின் நடத்தை குறித்த உண்மையைக் கண்டறியும் வேலை, எம்.பி.க்கள் அல்லாத ஒரு தனி அமைப்பிடம் போக வேண்டும். தண்டிக்கும் அதிகாரம் அவையிடமே இருக்கட்டும்.

நெறிமுறை ஆணையம் என்று எதைச் சொல்கிறீர்கள்? தவறு செய்த எம்.பி.யைப் போலீஸ் பிடிக்கட்டுமே?

எல்லாத் தவறும் குற்றம் ஆகிவிடாது. 2015-இல், புகையிலைப் பொட்டலங்களின் மேல் அச்சிட வேண்டிய எச்சரிக்கைப் படங்கள் பற்றி ஒரு நாடாளுமன்றக் குழு ஆராய்ந்தது. அந்தக் குழுவில் பீடித் தொழில் நடத்தும் உறுப்பினர் ஒருவரும் இருந்தார். அவர் மீது லஞ்சப் புகார் எதுவும் இல்லை. போலீஸுக்கு அங்கே வேலையும் இல்லை. ஆனாலும், தன் தொழிலைத் தொடும் ஒரு முடிவை எடுக்கும் இடத்தில் அவர் அமரலாமா என்று மக்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் இடம்தான் நம்மிடம் இல்லை.

பரிசாக வந்த பொருள், பிறர் செலவில் போன வெளிநாட்டுப் பயணம், யாரோ எழுதிக் கொடுத்து அவையில் கேட்கப்படும் கேள்வி, குடும்பத்தினர் நிறுவனத்துக்காக அமைச்சகத்துக்கு எழுதும் கடிதம் என்று இந்த வகையில் வருபவை பல. இவற்றை விசாரிக்கவும், "இதை நான் ஏற்கலாமா?" என்று ஓர் உறுப்பினர் முன்கூட்டியே வந்து கேட்டால் ஆலோசனை சொல்லவும் நிரந்தரமான ஓர் அலுவலகம் வேண்டும். நான் சொல்வது அதைத்தான்.

நாடாளுமன்றத்தில்தான் ஏற்கெனவே நெறிமுறைக் குழு இருக்கிறதே?

இருக்கிறது. மாநிலங்களவையில் 1997 மார்ச்சில் எஸ்.பி. சவான் தலைமையில் அமைந்தது. மக்களவையில் 2000-இல் முன்னாள் பிரதமர் சந்திரசேகர் தலைமையில் அமைந்து, 2015-இல்தான் நிரந்தரக் குழுவானது. முதலாவதில் 10 பேர், இரண்டாவதில் 15 பேர். அனைவரும் எம்.பி.க்கள். கட்சிகளின் பலத்தை ஒட்டி அவைத் தலைவர் அவர்களை நியமிக்கிறார். எனவே அவையில் யாருக்குப் பெரும்பான்மையோ, குழுவிலும் பெரும்பாலும் அவர்களுக்கே பெரும்பான்மை.

இன்னொரு குறை, எதை விசாரிப்பது என்பதே தெளிவாக இல்லை. மாநிலங்களவைக்கு 14 அம்ச நடத்தை நெறி உண்டு. மக்களவை விதிகளோ "நெறியற்ற நடத்தை" பற்றிப் புகார் தரலாம் என்கின்றன. அது என்ன என்று வரையறுக்கவில்லை. ஆட்டத்தின் விதியை ஆட்டம் நடக்கும்போது எழுதுவது போன்றது இது. குற்றம்சாட்டப்பட்டவருக்கும் இது அநீதிதான்.

உறுப்பினர்கள் தங்கள் சக உறுப்பினரைத் தண்டித்ததே இல்லையா?

தண்டித்திருக்கிறார்கள். முதல் நிகழ்வு, முதல் பொதுத்தேர்தலுக்கும் முந்தையது. 1951-இல், தற்காலிக நாடாளுமன்றத்தில் எச்.ஜி. முத்கல் என்ற காங்கிரஸ் உறுப்பினர், பம்பாய் தங்கம் வெள்ளி வணிகர்களின் சங்கத்திடம் பணம் பெற்றுக்கொண்டு அவர்களுக்காக அவையில் செயல்பட்டார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணைக் குழு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் பிரதமர் நேரு. தன் கட்சிக்காரர் என்று அவர் பார்க்கவில்லை. குழுவுக்குத் தலைமை வகித்தவர் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. முத்கலுக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு தரப்பட்டது. குற்றம் மெய்ப்பட்டது. அவையில் விவாதம் முடியும் முன் அவர் பதவி விலகிவிட்டார். அப்போதும் அவை விடவில்லை. அவர் நீக்கத்துக்கு உரியவர் என்றும், அவருடைய விலகல் கடிதத்தின் வாசகமே அவையை அவமதிக்கிறது என்றும் தீர்மானம் நிறைவேற்றியது.

வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே நெஞ்சு நிமிர்கிறது. அதே வேளையில், அந்த நேர்மை அமைப்பின் பலத்தால் வந்ததல்ல, அன்று அங்கே இருந்த மனிதர்களால் வந்தது என்பதும் உறைக்கிறது. மனிதர்கள் மாறினால்? 1978 டிசம்பரில் ஜனதா பெரும்பான்மை கொண்ட மக்களவை, உரிமை மீறலுக்காக இந்திரா காந்தியை நீக்கியது. 1981-இல் காங்கிரஸ் பெரும்பான்மை கொண்ட மக்களவை அந்தத் தீர்மானத்தையே ரத்து செய்தது. உண்மை மாறவில்லை, எண்ணிக்கை மாறியது.

2005-இல் பதினொரு பேரை ஒரே நாளில் வெளியேற்றினார்களே, அது நல்ல முன்னுதாரணம்தானே?

பாதி நல்லது. கேள்வி கேட்கப் பணம் வாங்குவதை இரகசியக் கேமரா படம்பிடித்தது. 2005 டிசம்பர் 12 அன்று தொலைக்காட்சியில் அது வெளியானது. டிசம்பர் 23 அன்று மக்களவை பத்துப் பேரையும் மாநிலங்களவை ஒருவரையும் நீக்கின. பா.ஜ.க.வினர் ஆறு பேர், பகுஜன் சமாஜ் மூன்று பேர், காங்கிரஸிலும் ராஷ்ட்ரிய ஜனதா தளத்திலும் தலா ஒருவர். இடைப்பட்டது பதினோரு நாட்கள்.

வேகம் பாராட்டுக்குரியது என்பார்கள். ஒரு மனிதரின் பதவியையும் பெயரையும் பறிக்கும் விசாரணைக்கு, அதுவும் பதினொரு பேருக்குச் சேர்த்து, பதினோரு நாட்கள் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. படம் இருந்ததால் அன்று அது எடுபட்டது. படம் இல்லாத வழக்கில் அதே வேகம் என்ன செய்யும்?

நீக்கப்பட்டவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2007 ஜனவரியில் ராஜா ராம் பால் வழக்கில், உறுப்பினரை நீக்கும் அதிகாரம் அவைக்கு உண்டு என்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அத்துடன், அவையின் நடவடிக்கை அப்பட்டமாகச் சட்டத்துக்கோ அரசமைப்புக்கோ முரணாக இருந்தால் நீதிமன்றம் தலையிடலாம் என்றும் அந்தத் தீர்ப்பு கதவைத் திறந்து வைத்தது. இது பின்னால் வரும் கேள்வி ஒன்றுக்குத் தேவைப்படும்.

2023-இல் நடந்தது பற்றி உங்கள் கருத்து என்ன? அவர் குற்றவாளியா, பழிவாங்கப்பட்டவரா?

இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. சொல்ல முடியாமல் போனதுதான் பிரச்சினை.

திரிணமூல் காங்கிரஸ் எம்.பி. மஹுவா மொய்த்ரா, தொழிலதிபர் ஒருவரிடம் பணமும் பரிசுகளும் பெற்று அவையில் கேள்வி கேட்டார் என்று பா.ஜ.க. எம்.பி. நிஷிகாந்த் துபே 2023 அக்டோபரில் புகார் கொடுத்தார். நாடாளுமன்ற இணையக் கணக்கின் கடவுச்சொல்லைப் பகிர்ந்ததை மொய்த்ரா ஒப்புக்கொண்டார். பணம் வாங்கியதை மறுத்தார். நெறிமுறைக் குழுவின் விசாரணையிலிருந்து அவரும் எதிர்க்கட்சி உறுப்பினர்களும் வெளிநடப்பு செய்தனர். குழு ஆறுக்கு நான்கு என்ற வாக்கில், ஏறக்குறைய கட்சிவாரியாகப் பிரிந்து, நீக்கப் பரிந்துரைத்தது. டிசம்பர் 8 அன்று சுமார் 500 பக்க அறிக்கை அவையில் வைக்கப்பட்டு, அன்றே குரல் வாக்கெடுப்பில் அவர் நீக்கப்பட்டார். அவையில் பேச அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 2005-இலும் இப்படித்தான் நடந்தது என்று காரணம் சொல்லப்பட்டது. 2024 தேர்தலில் அதே கிருஷ்ணாநகரில் அவர் மீண்டும் வென்றார்.

அவரை ஆதரிப்பவர்களிடம் கேட்டால் பழிவாங்கல் என்கிறார்கள். எதிர்ப்பவர்களிடம் கேட்டால் ஊழல் என்கிறார்கள். இரு தரப்பும் ஏற்கும்படி "நடந்தது இதுதான்" என்று சொல்ல யாரும் இல்லை. தனி ஆணையம் ஒன்று சாட்சிகளை விசாரித்து அறிக்கை தந்திருந்தால், அவர் தவறு செய்யாதவர் என்றால் அந்த அறிக்கை அவரைக் காப்பாற்றியிருக்கும். செய்தவர் என்றால் பழிவாங்கல் என்ற பேச்சுக்கு இடம் இருந்திருக்காது.

லோக்பால் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

லோக்பால் வரம்புக்குள் எம்.பி.க்கள் வருகிறார்கள். ஆனால் அது ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களுக்கானது. முதல் பதிலில் சொன்ன பீடித் தொழில் விவகாரம் போன்றவை அங்கே போகாது. மேலும், அரசமைப்பின் 105(2) பிரிவு பாதுகாக்கும் விஷயங்களில், அதாவது எம்.பி. அவையில் பேசியது, வாக்களித்தது பற்றி லோக்பால் விசாரிக்கக் கூடாது என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

லோக்பால் வீட்டைக் கொள்ளையடித்தவனைத் தேடும் இடம். நாம் கேட்பது வீட்டுக்குள் நடந்துகொள்ளும் முறையைப் பார்க்கும் இடம். இரண்டும் வேண்டும்.

லஞ்சம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டாலும் எம்.பி. மீது வழக்குப் போட முடியாதாமே?

2024 மார்ச் 4 வரை அப்படித்தான் இருந்தது. கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1993 ஜூலையில் நரசிம்ம ராவ் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை 265க்கு 251 என்ற வாக்கில் முறியடித்தது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா உறுப்பினர்கள் பணம் வாங்கி வாக்களித்தார்கள் என்று வழக்கு வந்தது. 1998-இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், பணம் வாங்கி அதன்படி வாக்களித்தவருக்கு 105(2) பிரிவின் பாதுகாப்பு உண்டு என்றது. பணம் வாங்கிவிட்டு வாக்களிக்காமல் போனவருக்குப் பாதுகாப்பு இல்லை! லஞ்சம் கொடுத்தவருக்கு உண்மையாக நடந்தவர் தப்பினார், அவரையும் ஏமாற்றியவர் மாட்டினார். கால் நூற்றாண்டு இதுதான் இந்நாட்டின் சட்டம்.

2024 மார்ச் 4 அன்று, சீதா சோரன் வழக்கில், தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஏழு நீதிபதிகள் அமர்வு ஒருமனதாக அதை மாற்றியது. லஞ்சத்தை ஏற்ற கணத்திலேயே குற்றம் முழுமையடைகிறது, அவையில் என்ன செய்தார் என்பது பொருட்டல்ல என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் இது குற்ற வழக்குக்கான கதவு. குற்ற வழக்கு முடிய எத்தனை ஆண்டு ஆகும் என்று நீதிமன்ற வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும். அதுவரை அவர் அவையில் அமர்ந்து நமக்குச் சட்டம் இயற்றுவார்.

நான் சாதாரண வாக்காளர். எம்.பி. மேல் இப்போது நான் புகார் கொடுக்க முடியுமா?

மாநிலங்களவை உறுப்பினர் மீது என்றால், எழுத்து மூலம், பெயரோடு, நேரடியாகக் கொடுக்கலாம். மக்களவை உறுப்பினர் மீது என்றால், உங்கள் புகாரை இன்னொரு மக்களவை உறுப்பினர் அனுப்பிவைக்க வேண்டும். வெறும் பத்திரிகைச் செய்தியை மட்டும் வைத்துப் புகார் தர முடியாது.

வகுப்பில் ஓர் அம்மா கேட்டார்: "எங்கள் எம்.பி. மேல் புகார் சொல்ல, நான் எந்த எம்.பி.யின் வீட்டு வாசலில் நிற்பது?" எதிர்க்கட்சி எம்.பி.யிடம் போனால் அது அரசியல் ஆகிவிடும். அதே கட்சிக்காரரிடம் போனால் கையெழுத்துக் கிடைக்காது. அந்த விதியைப் படித்த எனக்குத் தோன்றாதது, அதனால் அலையப்போகிறவருக்கு உடனே தோன்றியது. தனி ஆணையம் அமைந்தால், குடிமக்கள் நேராகப் புகார் தரும் உரிமை அதில் முதல் விதியாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அவரால்தான்.

தேர்தல் பிரமாணப் பத்திரத்தில் சொத்து விவரம் எல்லாம் இருக்கிறதே, அது போதாதா?

அது வேட்பாளர் எவ்வளவு வைத்திருக்கிறார் என்று சொல்கிறது. யாரிடமிருந்து சம்பாதிக்கிறார் என்பதை முழுமையாகச் சொல்லாது. வென்ற பிறகு ஐந்து ஆண்டுகளில் வரும் புதிய இயக்குநர் பதவிகள், ஆலோசகர் பணிகள் அதில் ஏறாது.

இதற்கு மாநிலங்களவையில் உறுப்பினர் நலன்கள் பதிவேடு உண்டு. சம்பளம் தரும் இயக்குநர் பதவி, தொடர் வருமானம் தரும் பணி, ஒரு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் அளவுக்கான பங்குகள், ஊதியம் பெறும் ஆலோசனைப் பணி, தொழில்முறை ஈடுபாடு என ஐந்து தலைப்புகளில் தெரிவிக்க வேண்டும். மக்களவையில் இதற்கு இணையான பதிவேடு இல்லை. நாம் நேரடியாக ஓட்டுப் போட்டு அனுப்பும் அவையில்தான் இல்லை!

பதிவேடு இருக்கும் இடத்திலும் எழுதிக் கொடுத்ததை யார் சரிபார்ப்பது? பிரான்ஸில் வரி ஏய்ப்பைத் தடுக்க வேண்டிய அமைச்சர் ஒருவரே வெளிநாட்டில் இரகசியக் கணக்கு வைத்திருந்தது 2013-இல் அம்பலமானது. அந்த ஆண்டே ஒரு சுயேச்சை அமைப்பை உருவாக்கி, எம்.பி.க்களின் சொத்து அறிக்கையை ஆராயும் அதிகாரத்தைக் கொடுத்தார்கள்.

மக்கள் தேர்ந்தெடுத்தவரை, யாரோ நியமித்த அதிகாரி விசாரிப்பது ஜனநாயகமா?

வந்த கேள்விகளில் கனமானது இதுதான். இதை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. அவைக்குச் சிறப்புரிமை வந்ததே, மன்னரும் அவருடைய அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளை மிரட்டாமல் இருக்கத்தான். நாளை அரசு தன் கைப்பிள்ளையை ஆணையராக்கி எதிர்க்கட்சி எம்.பி.க்களை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றினால் என்ன செய்வது? அந்த அச்சம் பொய்யல்ல.

அதனால்தான் தொடக்கத்திலேயே சொன்னேன்: ஆணையம் விசாரிக்கட்டும், அவை தீர்மானிக்கட்டும். ஆணையம் எந்த எம்.பி.யையும் நீக்க முடியாது, ஒரு நாள் இடைநீக்கம்கூடச் செய்ய முடியாது. அது உண்மையை எழுதி எல்லார் முன்னும் வைக்கும். அதன் பிறகு அவை எந்த முடிவை எடுத்தாலும், அந்த அறிக்கையைப் படித்த மக்களின் கண்முன் எடுக்க வேண்டியிருக்கும்.

வெளி அமைப்பு எம்.பி. பதவியைத் தொடுவது நமக்குப் புதிதும் அல்ல. ஆதாயம் தரும் பதவி வகித்தால் தகுதிநீக்கம் செய்யும் விஷயத்தில், 103-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டு, அதன்படியே முடிவெடுக்க வேண்டும். 2006-இல் ஜெயா பச்சன் மாநிலங்களவைப் பதவியை இழந்தது அப்படித்தான். ஜனநாயகம் குலைந்துவிட்டதாக அன்று யாரும் சொல்லவில்லை.

வேறு நாடுகளில் இது நடக்கிறதா? அங்கே மட்டும் அரசியல்வாதிகள் யோக்கியர்களா?

யோக்கியர்கள் என்பதால் அங்கே இது வரவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டதால் வந்தது.

பிரிட்டனில் 1994-இல் கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரம் வெடித்தது. நீதிபதி நோலன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1995-இல் நாடாளுமன்ற நடத்தை ஆணையர் பதவி உருவானது. ஆணையர் எம்.பி. அல்ல, ஐந்து ஆண்டுகள் பதவி, நீட்டிப்பு கிடையாது. அவருடைய அறிக்கை போகும் குழுவில் இன்று ஏழு எம்.பி.க்களோடு பொதுமக்களிலிருந்து தேர்வான ஏழு பேரும் இருக்கிறார்கள். 2009-இல் எம்.பி.க்கள் வீட்டு அகழியைத் தூர்வாரவும் அரசுப் பணம் கேட்டிருந்தது அம்பலமானபோது, செலவுத் தொகையையும் பிறகு சம்பளத்தையும் முடிவுசெய்யும் வேலையே அவர்கள் கையிலிருந்து போய், தனி அமைப்பிடம் சேர்ந்தது. நம் நாட்டில் எம்.பி.க்களின் சம்பளச் சட்டத்தை எம்.பி.க்களே நிறைவேற்றுகிறார்கள்.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2008-இல் ஓர் அலுவலகத்தை அமைத்தது. ஆறு பேர் கொண்ட வாரியம். மூவரை அவைத் தலைவரும் மூவரை எதிர்க்கட்சித் தலைவரும் நியமிப்பார்கள். பதவியில் உள்ள எந்த உறுப்பினரும் இருக்க முடியாது. ஆனால் சாட்சிகளுக்குக் கட்டாய அழைப்பாணை அனுப்பும் அதிகாரம் அதற்கு இல்லை. அது பெரிய ஓட்டை. நாம் அந்தத் தவறைச் செய்யக் கூடாது. 2017 ஜனவரியில், புதிய சபை கூடுவதற்கு முந்தைய இரவு, ஆளுங்கட்சி உறுப்பினர்கள் மூடிய அறையில் கூடி அந்த அலுவலகத்தை எம்.பி.க்களின் குழுவுக்குக் கீழே தள்ள முடிவெடுத்தார்கள். தொலைபேசிகள் ஓயாமல் ஒலித்தன. மறுநாளே முடிவைக் கைவிட்டார்கள்.

கனடாவில் ஆணையருக்கு ஏழு ஆண்டுப் பதவி. 2017-இலும் 2019-இலும், பதவியில் இருந்த பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவே விதியை மீறினார் என்று அந்த அலுவலகம் அறிக்கை தந்தது.

ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தால் அறிக்கையைக் குப்பையில் போட்டுவிடுமே. பிறகு என்ன பயன்?

போடப் பார்க்கும். பிரிட்டனில் பார்த்தது. 2021-இல் ஓவன் பேட்டர்சன் என்ற ஆளுங்கட்சி எம்.பி., தனக்குப் பணம் தந்த இரு நிறுவனங்களுக்காக அரசு அமைப்புகளிடம் பரிந்து பேசினார் என்று ஆணையர் கண்டறிந்தார். 30 அமர்வு நாட்கள் இடைநீக்கம் செய்யக் குழு பரிந்துரைத்தது. நவம்பர் 3 அன்று அரசு தன் கொறடாவை ஏவி, 250க்கு 232 என்ற வாக்கில் அதை நிறுத்திவைத்தது. அத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அறிக்கை எல்லார் கையிலும் இருந்தது. யாருக்கு எத்தனை கடிதம் எழுதினார் என்பது வரை அதில் இருந்தது. நாட்டில் எழுந்த கோபத்தில் மறுநாளே அரசு பின்வாங்கியது. பேட்டர்சன் பதவி விலகினார். ஏறக்குறைய 23,000 வாக்கு வித்தியாசத்தில் கன்சர்வேட்டிவ் கட்சி வைத்திருந்த அந்தத் தொகுதி, டிசம்பர் இடைத்தேர்தலில் லிபரல் டெமாக்ரட் கட்சிக்குப் போனது.

ஆகவே ஆணையத்தின் பல் எது என்று என்னைக் கேட்டால், அறிக்கையைக் கட்டாயமாக வெளியிடும் விதிதான் என்பேன். எந்தத் தேதிக்குள் அவை முன் வைக்க வேண்டும், எத்தனை நாளுக்குள் அவை விவாதிக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற மூன்றையும் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். குற்றம்சாட்டப்பட்டவர் அந்த விவாதத்தில் பேசும் உரிமையையும் எழுத வேண்டும்.

இதற்கு அரசமைப்பைத் திருத்த வேண்டுமா?

தேவையில்லை. 118-ஆம் பிரிவின்படி ஒவ்வோர் அவையும் தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம். ஒரு விதித்திருத்தத்தில் ஆணையரை நியமித்துவிடலாம். ஆனால் விதியால் வந்தது விதியாலேயே போகும். அமெரிக்காவில் ஒரே இரவில் நடக்கப் பார்த்தது அதுதான். சாட்சிகளை அழைக்க, ஆவணங்களைப் பெற, சொந்த ஊழியர்களும் நிதியும் வைத்திருக்க ஒரு சட்டம் வேண்டும். 105(3) பிரிவே சிறப்புரிமைகளைச் சட்டத்தால் வரையறுக்கலாம் என்கிறது. அந்தச் சட்டம் இன்று வரை வரவில்லை. நீக்கும் அதிகாரத்தையே ஆணையத்திடம் தர நினைத்தால்தான் அரசமைப்பைத் தொட வேண்டும். அதை நான் கேட்கவில்லை.

ஆணையரை யார் நியமிப்பது? ஆளுங்கட்சி தன் ஆளை உட்கார வைக்காதா?

இங்கேதான் எல்லாம் கெட்டுப்போகும். நம் நாட்டிலேயே இரண்டு பாடங்கள் இருக்கின்றன. லோக்பால் சட்டம் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முதல் லோக்பால் பதவியேற்றது 2019 மார்ச்சில். தேர்வுக் குழுவில் எதிர்க்கட்சித் தலைவர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. அந்த மக்களவையில் அங்கீகரிக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவரே இல்லை என்பது தாமதத்துக்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். "மிகப்பெரிய எதிர்க்கட்சியின் தலைவர்" என்று மூன்று சொற்களைத் தொடக்கத்திலேயே எழுதியிருந்தால் அந்தச் சாக்கு இருந்திருக்காது. இரண்டாவது, தேர்தல் ஆணையர் நியமனம். பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், இந்தியத் தலைமை நீதிபதி ஆகிய மூவர் குழு என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஏற்பாடு செய்தது. அதே டிசம்பரில் வந்த சட்டம் தலைமை நீதிபதியின் இடத்தில் ஓர் அமைச்சரை வைத்தது. மூவரில் இருவர் அரசுத் தரப்பு.

என் யோசனை இது. பெயர் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு பெற வேண்டும். எதிர்க்கட்சிகள் இசையாமல் யாரும் அமர முடியாது. ஒரே ஒரு பதவிக்காலம், நீட்டிப்பு இல்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரைப் போல, உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில் மட்டுமே நீக்கலாம். அவரைப் போலவே ஓய்வுக்குப் பின் வேறு அரசுப் பதவியும் கூடாது. கடைசி நிபந்தனைதான் பெரிய பாதுகாப்பு. அடுத்த பதவியை எதிர்பார்ப்பவர் யாரையும் நிமிர்ந்து பார்த்து விசாரிக்க மாட்டார்.

அரசியல் எதிரிகள் பொய்ப் புகார்களைக் குவித்துவிட மாட்டார்களா?

குவிப்பார்கள். எனவே முதல்கட்டச் சல்லடை வேண்டும். புகார்தாரர் பெயரும் உறுதிமொழிப் பத்திரமும் கட்டாயம். முதல்கட்ட விசாரணை குறிப்பிட்ட நாட்களுக்குள், வெளியே தெரியாமல் முடிய வேண்டும். அடிப்படை இல்லை என்றால் அங்கேயே முடித்து, உறுப்பினர் விரும்பினால் அதை அறிவிக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு புதிய புகார்களை முடிவு வெளிவரும் வரை ஒத்திவைக்கலாம்.

முழு விசாரணையில் எம்.பி. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவும், புகார்தாரரைக் குறுக்கு விசாரணை செய்யவும் உரிமை வேண்டும். இந்த நடைமுறை பிசகினால், ராஜா ராம் பால் தீர்ப்பு திறந்து வைத்த கதவு வழியே நீதிமன்றம் உள்ளே வரும். அது நல்லதுதான்.

இது நீங்களாகச் சொல்லும் கனவா? அரசுத் தரப்பில் யாராவது சொல்லியிருக்கிறார்களா?

வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007-இல் தந்த அறிக்கையில், ஒவ்வோர் அவைக்கும் நெறிமுறை ஆணையர் அலுவலகம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது அவைத் தலைவரின் கீழ் இயங்கி, நெறிமுறைக் குழுவுக்கு உதவி, உறுப்பினர்களுக்கு ஆலோசனை சொல்லும் என்றது. நான் கேட்பதைவிட மென்மையானது அது. அவைத் தலைவரின் கீழ் என்பதை ஏற்க எனக்கு மனமில்லை. அவரும் ஒரு கட்சியின் டிக்கெட்டில் வென்று வந்தவர்தான். கட்சித் தாவல் வழக்குகளைப் பற்றிப் பேசும்போது உச்ச நீதிமன்றமே 2020-இல் இதே ஐயத்தை எழுப்பி, தனித் தீர்ப்பாயம் அமைப்பதை நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்றது. ஆனால் அந்த மென்மையான பரிந்துரைகூட இன்னும் நிறைவேறவில்லை.

தமிழ்நாடு சட்டப்பேரவைக்கும் இது வேண்டுமா?

வேண்டும். 194-ஆம் பிரிவு சட்டமன்றங்களுக்குத் தரும் சிறப்புரிமையும் இதே போன்றதுதான். அவையே வழக்காளியாகவும் நீதிபதியாகவும் இருந்தால் என்ன ஆகும் என்பதை நாம் 1987-இல் பார்த்தோம். அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைப் படத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குப் பேரவை மூன்று மாதச் சிறை விதித்தது. கடும் எதிர்ப்பு எழுந்ததால் சில நாட்களில் விடுவித்தார்கள். அவர் எம்.எல்.ஏ. அல்ல என்பது உண்மை. ஆனால் தன் வழக்கில் தானே தீர்ப்பு எழுதும் பழக்கம் ஒன்றுதான். அது சில நேரம் வெளியாளை நசுக்கும், சில நேரம் உள்ளாளைக் காப்பாற்றும்.

சரி, இப்போது நான் என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்கு 18 பேர் போகிறார்கள். மேலே சொன்ன ஐந்து தலைப்புகளில் அவர்கள் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டு, மாநிலங்களவைச் செயலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு அனுப்புங்கள். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் அவகாசம். வரும் பதிலைப் பிரதி எடுத்து, உங்கள் மக்களவை உறுப்பினருக்கு ஒரு கடிதத்துடன் அனுப்புங்கள். அவருக்கு அப்படி ஒரு பதிவேடு கட்டாயம் இல்லை என்பதால், அதே ஐந்து கேள்விகளுக்கும் தாமாகவே பதில் தருவாரா என்றும், ஆணையம் அமைக்கத் தனிநபர் மசோதா வந்தால் ஆதரிப்பாரா என்றும் கேளுங்கள். மனு, கடிதம் இரண்டின் மாதிரியும் எங்கள் நூலக வகுப்பில் கையால் எழுதப்பட்டுத் தயாராக இருக்கின்றன.